16 பீஸ் குறைஞ்ச கதை: ஸ்கூல் முடிச்சு நேரா வேலைக்கு வர்ற பசங்க ரெடியா, இல்லையா?

"இப்ப வர்ற பசங்களுக்கு ஒண்ணும் தெரியல"ன்னு சொல்ற கோஷ்டில நானும் ஒருத்தன் தான், ஒரு பத்து வருஷமாச்சும் சொல்லியிருப்பேன், அதனால இத எழுதும்போது கொஞ்சம் கூச்சமா இருக்கு. ஆனா ஒரு சின்ன விஷயத்த தோண்டப்போய் அது எங்க பக்கமே வந்து நின்னுச்சு, அத அப்படியே எழுதி வைக்கணும்னு தோணுச்சு.

எங்களோடது ஸ்பேர் பார்ட்ஸ் குடோன். வண்டில சரக்கு வரும், எண்ணி உள்ள எடுக்கணும், ரேக்ல அடுக்கணும், ஆர்டர் வந்தா எடுத்து பேக் பண்ணி அனுப்பணும், அவ்ளோ தான். வருஷா வருஷம் ஸ்கூல் முடிச்ச கையோட நாலஞ்சு பேர் டிரெய்னியா வருவாங்க, ஆறு மாசத்துல பாதி பேர் இருக்க மாட்டாங்க, நாங்களும் "அதான் சொன்னோம்ல"ன்னு அடுத்த செட்ட எடுப்போம். இந்த கேஸ்ல வர்றது ரெண்டு பேர், ஒரு பையன் ஒரு பொண்ணு, ரெண்டு பேருக்கும் 18 வயசு. பேர் வேணாம், தம்பி, பாப்பான்னே வச்சுக்கலாம், நாங்க கூப்பிட்டதும் அப்படித்தான்.

நடந்தது

ஒரு நாள் காலைல ஃபில்டர் லோடு வந்துச்சு. இன்வாய்ஸ்படி 60 பெட்டி, பெட்டிக்கு 24, ஆக மொத்தம் 1440. இன்வேர்ட்ல, அதாவது வர்ற சரக்க எண்ணி உள்ள எடுக்கற எடத்துல, நின்னது தம்பி, சேந்து மூணாவது வாரம். எண்ணினான், சிஸ்டத்துல 1440ன்னு அடிச்சான், கையெழுத்து போட்டான், வண்டி கெளம்பிடுச்சு. 11 நாள் கழிச்சு ஒரு பெரிய ஆர்டருக்கு எடுக்கும்போது 16 பீஸ் இல்ல. ரேக் மாத்தி வச்சிருப்பாங்களோன்னு அரை நாள் தேடினோம், ஒருத்தர் மேல ஒருத்தர் சந்தேகப்பட்டோம் (அத பத்தி பேசாம விடறது நல்லது), கடைசில பழைய அட்டப்பெட்டி குமிச்சு வச்சிருந்த மூலைல ஒருத்தர் போய் லேபிள் எல்லாத்தையும் பாத்தாரு. நாலு பெட்டில 24க்கு பதிலா 20ன்னு போட்டிருக்கு. அப்ப வந்தது 1424 தான். சப்ளையருக்கு போன் பண்ணா, குறைஞ்சா 7 நாளுக்குள்ள சொல்லணும்னு அக்ரிமெண்ட்லயே இருக்கே சார்ங்கறாரு. அவர சொல்லி குத்தமில்ல.

முதல்ல எல்லாருக்கும் வந்த முடிவு ஒண்ணு தான், பையனுக்கு கணக்கு வரல, இல்லன்னா கவனம் செல்போன்ல. மேனேஜர் இனிமே வேலைக்கு எடுக்கும்போதே ஒரு பெருக்கல் கழித்தல் டெஸ்ட் வைங்கன்னாரு, நானும் மண்டைய ஆட்டினேன். சரி, இவனுக்கே வச்சு பாப்போம்னு ஒரு தாள்ல எட்டு கணக்கு எழுதி குடுத்தேன், அதுல ஒண்ணு வேணும்னே இதே மாதிரி, இத்தன பெட்டில இவ்ளோ, மிச்ச பெட்டில இவ்ளோன்னு. பத்து நிமிஷம் கூட ஆகல, எட்டும் சரி. கையெழுத்து வேற முத்து முத்தா.

அப்புறம் தான் அவன் பாக்கெட் நோட்ட கேட்டேன். குடுக்க தயங்கினான். அந்த தேதி பக்கத்துல 60 x 24 போட்டு 1440, அதுக்கு கீழ ரப்பர் வச்சு அழிச்ச தடம், வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தா தெரியுது: "4 பெட்டி 20?" கேள்விக்குறியோட. அதுக்கும் கீழ 1424, அதுவும் அழிச்சிருக்கு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பையன் கரெக்டா கண்டுபிடிச்சிருக்கான், கண்டுபிடிச்சத அவனே அழிச்சிருக்கான்.

"ஏன் தம்பி, இத அன்னைக்கே சொல்லல?"

"இன்வாய்ஸ்ல 1440ன்னு போட்டிருந்துச்சு சார். நான் தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன்னு மூணு தடவ எண்ணினேன்."

"மூணு தடவயும் எவ்ளோ வந்துச்சு?"

"1424 தான் சார்."

"அப்புறம் ஏன் 1440 போட்ட?"

ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "அதான சார் ஆன்சர்"ன்னான்.

இந்த ஒரு வார்த்தைல தான் மொத்த கேஸும் இருக்குன்னு நெனைக்கிறேன். பன்னெண்டு வருஷம் அவன் பாத்த ஒவ்வொரு கணக்குக்கும் விடை ஏற்கனவே எங்கயோ இருந்துச்சு, புக்கோட கடைசி பக்கத்துலயோ, டீச்சர் கைலயோ. கேள்வி கேக்கறவருக்கு விடை தெரியும், நமக்கு தான் தெரியாது, நம்ம விடை அதோட ஒத்துப்போகலன்னா தப்பு நம்மளோடது. அந்த உலகத்துல இது முழுக்க புத்திசாலித்தனமான பழக்கம். எங்க குடோன்ல அது அப்படியே தலைகீழ், இங்க இன்வாய்ஸ்ங்கறது ஒருத்தர் சொல்ற க்ளெய்ம், அவ்ளோ தான், அத நம்பாம இருக்கறதுக்கு தான் அவனுக்கு சம்பளமே. ஆனா அத அவன்கிட்ட யாரு சொன்னா? "எண்ணி போட்டுட்டு சைன் பண்ணு"ன்னு தான் சொல்லியிருக்கோம்.

1985ல பிரேசில்ல ரெசிஃபே நகரத்துல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, தெருவுல வியாபாரம் பண்ற அஞ்சு பசங்கள வச்சு, 9லேர்ந்து 15 வயசு. கடைல வாங்கறவங்க மாதிரி போய் கேட்டா 98 சதவீதம் கரெக்டா சொல்றாங்க, அதே கணக்க எண்ணா மட்டும் எழுதி பெருக்கு கூட்டுன்னு குடுத்தா 37 சதவீதம் தான். ஒரு தேங்காய் 35ன்னா 10 தேங்காய் எவ்ளோன்னு கேட்டதுக்கு ஒரு பையன் மூணு 105, இன்னொரு மூணு 210னு ஏத்திட்டே போய் 350ல நிறுத்தறான், பக்கத்துல ஒரு பூஜ்யம் போட்டா முடிஞ்சுதுங்கற ஸ்கூல் வழி அவனுக்கு தேவையே படல. வழக்கமா இத ஸ்கூல் கணக்கு வேற, வாழ்க்க கணக்கு வேறன்னு சொல்றதுக்கு காட்டுவாங்க. எனக்கு இதுல வேற ஒண்ணு தெரியுது. கடைல அந்த எண் அந்த பையனோடது, தப்பா சொன்னா அவனுக்கு தான் நஷ்டம், வாங்கறவன் சண்டைக்கு வந்தா அவன் தான் நின்னு பேசணும். தாள்ல அந்த எண் வாத்தியாரோடது. எங்க தம்பி ரெண்டு எடத்துலயும் கணக்கு சரியா தான் போட்டான், ஆனா 1424ங்கறது தன்னோட எண்ணுன்னு அவனுக்கு தோணவே இல்ல.

எங்க பக்கம் இருந்த ஓட்டை

இதோட நிறுத்தியிருந்தா ஸ்கூல திட்டிட்டு போயிருப்பேன். ஆனா மூணு தடவ எண்ணினேன்னு சொன்னான்ல, அது எனக்கு உறுத்திட்டே இருந்துச்சு, ஏன்னா மூணு தடவ எண்ணினா நேரம் ஆகும், யாராச்சும் பாத்திருக்கணுமே. அன்னைக்கு இருந்த ஷிஃப்ட் லீடர்கிட்ட போய் கேட்டேன், அவருக்கு நல்லா ஞாபகம் இருக்கு: "ஆமாண்ணே, ஒரு லோடுக்கு முக்கா மணி நேரம் எடுத்தான், பின்னாடி வேற ரெண்டு வண்டி நிக்குது, எவ்ளோ நேரம்டா எண்ணுவ, ஒண்ணாவது படிக்கறியான்னு ஒரு சத்தம் போட்டேன், உடனே முடிச்சிட்டான்." உடனே முடிச்சிட்டான். அந்த சத்தத்துல தான் ரப்பர் வெளிய வந்திருக்கு.

பாப்பா கதை இதுக்கு நேர் எதிர். அவ வந்த முதல் வாரம் கேள்வி கேட்டு கொன்னுட்டா, இந்த பெட்டி ஏன் கீழ வைக்கறோம், பழசு ஏன் முன்னாடி வரணும், லேபிள்ல இருக்கற இந்த கோட் நம்பர்ல கடைசி ரெண்டு எழுத்து என்னன்னு. நல்ல கேள்விங்க, சிலதுக்கு எங்களுக்கே பதில் தெரியல. சீனியர் பசங்க அவளுக்கு கேள்விக்குறின்னு பேர் வச்சாங்க, நானும் சிரிச்சேன், அத மறைக்க விரும்பல. ரெண்டாவது வாரம் கேள்வி பாதியாச்சு, மூணாவது வாரம் சுத்தமா நின்னுச்சு, நாங்க "பரவால்ல, செட் ஆயிட்டா"ன்னு பேசிக்கிட்டோம். ரெண்டாவது மாசம் வேலைய விட்டுட்டா. ஏன்னு யாரும் கேக்கல. ஐஎல்ஓ (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) கணக்குப்படி 2023ல உலகத்துல 15லேர்ந்து 24 வயசுக்குள்ள இருக்கறவங்கள்ல அஞ்சுல ஒருத்தர் படிப்புலயும் இல்ல, வேலைலயும் இல்ல, ட்ரெயினிங்லயும் இல்ல, அதுல மூணுல ரெண்டு பேர் பொண்ணுங்க. அந்த கணக்குல சேர்றவங்க எல்லாருமே வேலை கெடைக்காதவங்கன்னு தான் நெனச்சிருந்தேன், உள்ள வந்துட்டு சத்தமில்லாம வெளிய போறவங்களும் அதுல இருப்பாங்கன்னு பாப்பா போனப்புறம் தான் ஒறச்சுச்சு.

கேள்வி நின்னா சரக்கு மட்டும் குறையாது, கையும் போகும். டொரண்டோல இருக்கற ஒரு தொழில் சுகாதார ஆராய்ச்சி நிலையம் பாத்ததுல, ஒரு வேலைல முதல் மாசம் இருக்கறவங்களுக்கு, வருஷத்துக்கு மேல இருக்கறவங்கள விட வேலைக்கே வர முடியாத அளவு அடிபடற ரிஸ்க் மூணு மடங்குக்கும் மேல. எங்களுக்கு அந்த மாதிரி பெருசா எதுவும் ஆகல, ஆனா தம்பி அதே மாசம் பேலட் டிரக்க (சரக்கு ஏத்தி இழுக்கற கைவண்டி) சரிவுல முன்னாடி நின்னு இழுத்துட்டு வந்தத நான் பாத்தேன், எப்படி கொண்டு வரணும்னு தெரியாதான்னு கேட்டா "தெரியாது சார், எல்லாரும் வேகமா இருந்தாங்க, கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு."

கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு. பரீட்ச ஹால்ல பக்கத்துல இருக்கறவன்ட்ட கேட்டா அதுக்கு பேர் காப்பி. வேலைல அதுக்கு பேர் வேலை. இந்த மாத்தத்த ஒரே நாள்ல, லீவு முடிஞ்ச அடுத்த நாள், யாரும் சொல்லித்தராம ஒரு 18 வயசு பையன் தானா பண்ணிக்கணும்னு நாம எதிர்பாக்கறோம். இதுல டீச்சர்ங்கள மட்டும் குத்தம் சொல்லவும் மனசு வரல, ஒரு க்ளாஸ் நெறைய பசங்கள வச்சுக்கிட்டு யாருக்கு எவ்ளோ மார்க்குன்னு நியாயமா சொல்லணும்னா தனித்தனியா தான் எழுத வைக்கணும், வேற வழி என்ன இருக்கு.

இன்னொரு ஓட்டை, இது தான் எனக்கு ரொம்ப உறைச்சது. புது பசங்கள நாங்க ஏன் இன்வேர்ட்ல போட்டோம்? "சும்மா எண்ற வேலை தான, ஈசி"ன்னு. ஜீன் லேவ்னு ஒரு மானிடவியல் ஆராய்ச்சியாளர் 1970கள்ல லைபீரியால தையல்காரங்ககிட்ட தொழில் கத்துக்கற பசங்கள கூட இருந்து பாத்தாங்க. அங்க துணி எப்படி உருவாகுதோ அதுக்கு தலைகீழா தான் தொழில் சொல்லித்தருவாங்களாம். முடிஞ்ச துணிய இஸ்திரி போடறது, பட்டன் தைக்கறது, ஓரம் மடிச்சு தைக்கறது முதல்ல, அப்புறம் தான் துண்டுகள ஜாயின் பண்றது, வெட்றது கடைசில. பட்டன் தப்பா தைச்சா பிரிச்சுக்கலாம், துணிய தப்பா வெட்டினா போச்சு. அதுவுமில்லாம பட்டன் தைக்கும்போதே முழு சட்டை எப்படி இருக்கும்னு கைல புடிச்சு பாத்துடறான். இத படிச்சதும் தலைல அடிச்சுக்கிட்டேன், ஏன்னா இன்வேர்ட் தான் எங்களோட வெட்டு. அங்க விடற தப்பு 11 நாள் மறைஞ்சு கெடக்கும், பேக்கிங் செக்ல விடற தப்பு அஞ்சு நிமிஷத்துல அடுத்த டேபிள்ல மாட்டிக்கும். நாங்க ஈசியான வேலைய குடுத்ததா நெனச்சுக்கிட்டு திருப்பவே முடியாத தப்பு நடக்கற எடத்துல கொண்டு போய் நிறுத்தியிருக்கோம்.

சொல்லித்தர்றவங்க விஷயமும் இருக்கு. ஜெர்மனில வாரத்துல மூணு நாலு நாள் கம்பெனி, மிச்ச ஒண்ணு ரெண்டு நாள் தொழிற்பள்ளின்னு ஓட்றாங்க, 1969லேர்ந்து தனி சட்டமே இருக்கு, இதெல்லாம் எல்லாரும் சொல்றது தான். அதிகம் பேசாத ஒண்ணு, அங்க கம்பெனில டிரெய்னிய வளக்கறவருக்கு சொல்லித்தரத் தெரியும்னு தனியா ஒரு தகுதி காட்டணும், அதுக்கு பரீட்ச உண்டு. 2003ல அந்த விதிய நிறுத்தி வச்சாங்க, 2009ல திருப்பி கொண்டு வந்துட்டாங்க. எங்ககிட்ட தகுதி என்னன்னா அன்னைக்கு ஷிஃப்ட்ல யாரு இருக்காங்களோ அவங்க. பசங்க வேலைக்கு ரெடியான்னு டெஸ்ட் வைக்க கெளம்பின நாங்க, எங்க ஷிஃப்ட் லீடர் பசங்களுக்கு ரெடியான்னு ஒரு நாளும் கேட்டதில்ல.

மாத்தினது

பெருசா ஒண்ணும் இல்ல. புதுசா வர்றவங்க முதல்ல பேக்கிங் செக், அப்புறம் ரேக்லேர்ந்து எடுக்கறது, ரெண்டாவது மாசத்துக்கு மேல தான் இன்வேர்ட். பென்சில் ரப்பர் ரெண்டுக்கும் தடை, பேனா தான், தப்பா எழுதினா ஒரே கோடு போட்டு அடிச்சு பக்கத்துல இனிஷியல் போடணும், அடிச்சது படிக்கற மாதிரி இருக்கணும். இத தம்பிகிட்ட சொன்னப்போ அவன் மூஞ்சி போன போக்க பாக்கணும், அடித்தல் திருத்தல் இல்லாம எழுதணும்னு வளந்தவன்கிட்ட அடிச்சு எழுது, ஆனா அழிக்காதன்னு சொன்னா எப்படி இருக்கும்.

அப்புறம் இன்வேர்ட் ஃபார்ம்ல ஒரு காலத்த (கட்டம்) மறைச்சோம், ஒண்ண சேத்தோம். இன்வாய்ஸ் எண்ணிக்கை காலம் இப்ப எண்றவங்களுக்கு தெரியாது, காலியா தான் தாள் போகும், அவங்க எண்ணினத போட்டப்புறம் ஆபீஸ்ல ஒத்து பாப்போம். விடைத்தாள பாத்துட்டு எழுத முடியாது, அவ்ளோ தான். புதுசா சேத்தது "சந்தேகம்"னு ஒரு காலம், தினமும் ஒண்ணாச்சும் எழுதணும், எழுதலன்னா தான் கேள்வி கேப்போம். ஜப்பான்ல சகிச்சி டொயோடாங்கறவர் 1924ல கொண்டு வந்த தறில ஒரு நூல் அறுந்தா தறி தானா நின்னுடும், அந்த கம்பெனி கார் செய்ய ஆரம்பிச்சப்புறம் அதே யோசனை தான் லைன் பக்கத்துல கயிறா வந்துச்சு, கோளாறு தெரிஞ்சா யாரு வேணா இழுக்கலாம், இழுத்தவன பாத்து கத்தாம டீம் லீடர் ஓடி வரணும். எங்களுக்கு கயிறு கட்ட வசதி இல்ல, ஒரு காலம் போட்டோம்.

ரெண்டு மாசத்துல என்ன ஆச்சுன்னா, எழுத்துல பதிவான தப்புங்க எண்ணிக்கை ஏறிடுச்சு. மேனேஜர் அந்த கணக்க பாத்துட்டு "என்னய்யா, சரி பண்றேன்னுட்டு கெடுத்து வச்சிருக்க"ன்னாரு. நானும் ஆடிப்போயிட்டேன். அப்ப தான் ஏமி எட்மண்ட்சன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளரோட 1990கள் ஆராய்ச்சி கை குடுத்துச்சு. ஆஸ்பத்திரில நல்லா ஒத்துமையா வேலை செய்யற நர்ஸ் டீம்கள்ல மருந்து தப்பு கம்மியா இருக்கும்னு நெனச்சு போனாங்க, பாத்தா அந்த டீம்கள்ல தான் அதிகமா பதிவாகியிருக்கு. அவங்க தப்பு அதிகம் பண்ணல, பண்ணத வெளிய சொன்னாங்க, மத்த டீம்ல மூடி வச்சாங்க. இத மேனேஜர்ட்ட சொன்னேன், பாதி நம்பினாரு. அப்புறம் பதிவான தப்ப விட்டுட்டு, கஸ்டமர் வரைக்கும் போய் திரும்பி வந்த தப்ப மட்டும் தனியா எண்ணுவோம்னு ஒத்துக்கிட்டாரு. அது கொறைஞ்சிருக்கு, ஆனா சீசன் இன்னும் வரல, அதனால நான் இதுல ரொம்ப மார் தட்டிக்க மாட்டேன்.

நடக்காததும் இருக்கு. ஷிஃப்ட் லீடர் ரெண்டு வாரம் பொறுமையா இருந்தாரு, அப்புறம் மூணு வண்டி சேந்து வந்த அன்னைக்கு பழைய குரல் வந்துடுச்சு. அவர மட்டும் சொல்லவும் முடியாது, அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு எத்தன வண்டிங்கறது தான் டார்கெட், எத்தன சந்தேகத்த தீத்து வச்சாருங்கறது எந்த ரிப்போர்ட்லயும் வராது. டார்கெட்ட மாத்தணும்னு எழுதி குடுத்திருக்கேன், மேல போயிருக்கு, இன்னும் கீழ வரல. காலைல லேட்டா வர்றது, போன் நோண்டறது, சொல்லாம லீவு போடறது, இதெல்லாம் பசங்கட்ட இருக்கு தான், இல்லன்னு சொல்லல, அதுக்கு நான் இப்பவும் திட்றேன். ஆனா அந்த 16 பீஸுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

பாப்பாவுக்கு போன் பண்ணேன். வேற எடத்துல சேந்துட்டேன் சார், பில்லிங்ல இருக்கேன்னா. ஏம்மா போனன்னு கேட்டேன். "சும்மா தான் சார்"னா. நான் விடல. "அந்த கோட் நம்பர்ல கடைசி ரெண்டு எழுத்து என்னன்னு கேட்டேன்ல சார், யாரும் சொல்லவே இல்ல"ன்னா. அன்னைக்கு எனக்கும் தெரியாது, போன வச்சிட்டு போய் பழைய ஃபைல்ல தேடினேன், சப்ளையரோட பேட்ச் வருஷம் அது, பழசு முன்னாடி போகணும்னு நாங்க கத்திட்டு இருக்கறமே, அதுக்கு லேபிள்ல இருந்த ஒரே அடையாளம்.

தம்பி இப்ப இன்வேர்ட்ல தான் இருக்கான். குரல் இன்னும் கம்மி தான், பக்கத்துல போனா தான் கேக்கும். போன வாரம் ஒரு லோடுல 36 பெட்டிக்கு 35 தான் இருக்குன்னு டிரைவர நிறுத்தி வச்சான், டிரைவர் கத்தறாரு, பின்னாடி வண்டி ஹாரன் அடிக்குது, இவன் பேனாவ கைல புடிச்சிக்கிட்டு என்ன தேடறான். நான் போய் எண்ணி பாத்தேன், 36 இருந்துச்சு, ஒரு பெட்டி இன்னொண்ணுக்கு பின்னாடி சொருகியிருந்துச்சு. டிரைவர் என்ன ஒரு பார்வ பாத்தாரு. தம்பி 35 மேல ஒரு கோடு போட்டான், 36 எழுதினான், இனிஷியல் போட்டான், "சாரி சார்"னான். சாரி எதுக்குடா, அடுத்த வண்டிய கூப்புடுன்னேன்.